ரவிலியஸின் சஸெக்ஸ் மேடுகள்: அந்த வறண்ட கோட்டுத் தோற்றம் எப்படி வருகிறது?

#1 காவிக்கல்

ஆங்கிலேய ஓவியர் எரிக் ரவிலியஸ் 1930களில் வாட்டர்கலரில் வரைந்த தென் இங்கிலாந்து சஸெக்ஸின் சுண்ணாம்பு மேடுகளைப் பிரதி எடுத்துப் பழகுகிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் மாட்டுகிறார்கள். வானமோ புல்சரிவோ, அவரிடம் பெரிய ஈர வாஷாக (தண்ணீர் கலந்து பரப்பிய நிறம்) இருப்பது குறைவு. வெளிறிய நிறத்தின் மேல் வறண்ட சிறு கோடுகள் வரிசை வரிசையாக ஓடும். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே பேப்பரின் வெள்ளை தெரியும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கோல்ட் பிரஸ், அதாவது லேசான சொரசொரப்புள்ள பேப்பரில் அப்படியே இழுக்கப்போனால் இரண்டில் ஒன்று நடக்கிறது. கோடு ஊறிப் பக்கத்துக் கோட்டோடு சேர்ந்து சேறாகிறது. இல்லாவிட்டால் பெயின்ட் கெட்டியாகிப் போஸ்டர் கலர் போட்ட மாதிரி மூடிக்கொள்கிறது.

கோளாறு பேப்பரிலா பிரஷ்ஷிலா? வெள்ளைக் கோடுகளை எப்படிக் காப்பாற்றினார்? வெள்ளை பெயின்ட் தொட்டாரா? ரவிலியஸ் மரச்செதுக்காளரும்கூட. மரச்செதுக்கு (மரக்கட்டையில் படம் வெட்டி அச்செடுப்பது) தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள், கொஞ்சம் விளக்கமாக எழுதுங்கள்.

#2 மரக்கட்டை

பிரஷ்ஷுக்கு அப்புறம் வருவோம். முதலில் செதுக்கு உளி.

ரவிலியஸ் 1903 ஜூலை 22ஆம் தேதி லண்டன் ஆக்டனில் பிறந்தார், வளர்ந்தது கடலோர ஈஸ்ட்போர்னில். ஊர் ஓவியப் பள்ளி முடித்து, 1922இல் உதவித்தொகையோடு ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் டிசைன் பிரிவில் சேர்ந்தார். கூடப் படித்தவர் எட்வர்ட் பாடன். ஆசிரியராக வந்தவர் பால் நாஷ். ரவிலியஸுக்கு முதலில் பெயர் வாங்கித் தந்தது வாட்டர்கலர் அல்ல, மரச்செதுக்கு. கிரிக்கெட் பைத்தியங்கள் அவர் கைவேலையைப் பெயர் தெரியாமலே பார்த்திருப்பார்கள்: விஸ்டன் ஆண்டுமலரின் அட்டையில் 1938இல் ஏறிய அந்த உயரத் தொப்பி ஆட்டக்காரர்கள் அவர் செதுக்கியவர்கள்தான்.

பாக்ஸ்வுட் மரத்தைக் குறுக்கே அறுத்து, வழவழப்பாக இழைத்த முகத்தில்தான் செதுக்குவார்கள். தொடாத கட்டை அச்சில் முழுக் கறுப்பு. உளி போன இடமெல்லாம் வெள்ளை. சாம்பல் நிறம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. கோட்டின் அகலம், இடைவெளி, திசை, புள்ளியா கோடா என்பதை மாற்றி மாற்றித்தான் சாம்பலை உண்டாக்க வேண்டும். பத்து வருஷம் அப்படி யோசித்த மூளை வாட்டர்கலருக்கு வரும்போது "இந்தச் சரிவுக்கு எவ்வளவு அடர்த்தியில் வாஷ் கலக்கலாம்" என்று கேட்பதில்லை. "எந்தத் திசையில், எவ்வளவு நெருக்கமாகக் கோடு போடலாம்" என்று கேட்கிறது. கட்டையில் கறுப்பிலிருந்து வெளிச்சத்தை வெட்டி எடுத்தவர், பேப்பரில் வெளிச்சத்தை ஏற்கெனவே கையில் வைத்துக்கொண்டு தொடங்குகிறார். அதனால்தான் அதைக் கெடுக்காமல் இருப்பதில் அவ்வளவு கவனம்.

காவிக்கல், பெயின்ட்டைத் தொடும் முன் ஒரு பயிற்சி. 3 செ.மீ. சதுரம் ஐந்து. 0.3 பேனா. நிரப்பவோ தேய்க்கவோ கூடாது, கோட்டு இடைவெளியை மட்டும் மாற்றி ஐந்து அடர்த்தி கொண்டுவாருங்கள். ஐந்தும் கண்ணைச் சுருக்கிப் பார்க்கும்போது தனித்தனியாகப் பிரிந்து தெரிந்தால், பிரஷ்ஷுக்குப் போகலாம்.

#3 தாள்தட்டு

பேப்பர் பாதிக் காரணம். கோல்ட் பிரஸ் தப்பில்லை, ஆனால் அதன் சைசிங் உறுதியாக இருக்க வேண்டும். சைசிங் என்பது பேப்பர் தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சாமல் இருக்கச் சேர்க்கும் ஜெலட்டின் அல்லது செயற்கைப் பசை. ஆர்ச்சஸ், சாண்டர்ஸ் வாட்டர்ஃபோர்ட் இரண்டும் ஜெலட்டின் போட்ட பருத்திப் பேப்பர். கோடு மேலேயே நிற்கும். மரக்கூழ்ப் பேப்பரிலும் ட்ரை பிரஷ் (ஈரம் குறைந்த பிரஷ் கோடு) ஓடும், ஆனால் இரண்டாம் அடுக்கு போடும்போது முதல் அடுக்கு கிளம்பிவிடும். சேறாவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

சோதனை எளிது. பேப்பர் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர். ஒரு நிமிஷம் கழித்தும் சொட்டு குவிந்து நின்றால் சைசிங் நலம். அரை நிமிஷத்துக்குள் தட்டையாகி அடியில் கறுத்தால், அந்தத் தாளில் ரவிலியஸ் வராது. வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

மேற்பரப்பு பற்றி: ரஃப் பேப்பரில் மேடு பள்ளம் அதிகம், கோடு தானாகவே உடையும், ஆனால் உடைவது பேப்பரின் விருப்பப்படி. வழவழப்பான ஹாட் பிரஸ்ஸில் கோடு உடையவே உடையாது. கோடு எங்கே உடைய வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்ய, நடுவில் இருக்கும் கோல்ட் பிரஸ்தான் சரி.

ஸ்ட்ரெட்ச் செய்வது கட்டாயமில்லை. இந்த முறையில் தண்ணீர் குறைவு. கால் ஷீட்டுக்குள் 300 ஜிஎஸ்எம் என்றால் பலகையில் நாலு கிளிப் போதும். 190 ஜிஎஸ்எம் என்றால் நீட்டித்தான் ஆக வேண்டும்: குளிர்ந்த தண்ணீரில் 3 முதல் 5 நிமிஷம், ஒரு மூலையைப் பிடித்து வடியவிட்டு, 12 மி.மீ. பிளைவுட் மேல் 5 செ.மீ. கம் டேப். பலகையைப் படுக்க வைத்துக் காயவிடுங்கள். சாய்த்து வைத்தால் தண்ணீர் கீழ் டேப்புக்கு இறங்கி அது மட்டும் பிய்ந்துகொண்டு வரும். வெந்நீர் வேண்டாம், ஜெலட்டின் கரைந்துவிடும்.

#4 ஓரக்கோடு

பிரஷ் விஷயம். புது பிரஷ் எடுக்காதீர்கள். முனை தேய்ந்த 6ஆம் நம்பர் வட்ட பிரஷ், சிந்தெடிக்கே போதும். விலை உயர்ந்த செபிள் முடி பிரஷ் தண்ணீரை வயிற்றில் வைத்துக்கொண்டு கோட்டின் நடுவில் கொட்டும். இந்த வேலைக்கு அது குறை.

பெயின்ட்: டியூபிலிருந்து எடுத்ததில் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர். அடி வாஷுக்கு மட்டும் ஒன்றுக்குப் பத்து. முனையை மட்டும் நனைக்காமல் முடியின் பாதி உயரம் வரை பெயின்ட்டில் புரட்டுங்கள். பிறகு துணியில் தொட வேண்டியது முனையை அல்ல, உலோக வளையத்தை ஒட்டிய அடிப்பகுதியை. தேங்கிய தண்ணீர் அங்கேதான் இருக்கும். முனையைத் துடைத்தால் பெயின்ட் போய்விடும், தண்ணீர் பின்னாலிருந்து இறங்கும். எல்லாரும் செய்கிற தப்பு இது.

அடுத்து கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே முடியை லேசாகக் கிள்ளித் தட்டையாக்குங்கள். நாலைந்து கிளையாகப் பிரிய வேண்டும். ஒரு இழுப்பில் நாலு கோடு விழும், நாலும் ஒரே தடிமனில் இருக்காது. கைப்பிடி பேப்பரிலிருந்து 20 டிகிரிக்கு மேல் எழ வேண்டாம். மணிக்கட்டைப் பூட்டி, முழங்கையிலிருந்து இழுங்கள். முதல் இழுப்பு எப்போதும் கழிவுத் தாளில்.

என்ன தப்பாகும்:

கோட்டின் கடைசியில் மணி போலக் குண்டு விழுந்தால் அடியில் ஈரம் மிச்சம்.

கோடு தொடங்கும்போதே பொடியாக உதிர்ந்தால் பெயின்ட் காய்ந்துவிட்டது. பிரஷ்ஷைக் கழுவி மறுபடி எடுங்கள், அதன் மேலேயே தண்ணீர் தொடாதீர்கள்.

ஓரம் பஞ்சாகப் பிரிந்தால் அடி வாஷ் இன்னும் காயவில்லை. பேப்பரைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், குளிர்ச்சி தெரிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது.

எல்லாக் கோடும் ஒரே நீளம், ஒரே இடைவெளி என்றால் மலை வராது, தேங்காய் நார் மிதியடிதான் வரும். கோடு நிலத்தின் சரிவைத் தொடர வேண்டும். சரிவு மடங்கும் இடத்தில் திசை மாற வேண்டும். பக்கத்தில் அகலமாக, தூரத்தில் நெருக்கமாக. இரண்டாம் அடுக்கைச் செங்குத்தாகக் குறுக்கே போடாமல் 15, 20 டிகிரி மட்டும் திருப்பிப் போடுங்கள். செங்குத்தாகப் போட்டால் வலை விழுந்துவிடும், நிலம் தெரியாது.

#5 தேவகோட்டை_மை

மாஸ்கிங் ஃப்ளூயிட் (நிறம் ஏறாமல் மறைத்து, பிறகு உரித்தெடுக்கும் ரப்பர் திரவம்) போட்டு வெள்ளைக் கோட்டை விட்டால் வேலை சுலபமாகிவிடுமே அக்கா?

#6 ஓரக்கோடு

சுலபம்தான் தம்பி, பார்த்தவுடனே தெரிந்துவிடும். மாஸ்கிங் எடுத்த இடத்தில் விளிம்பு நாலாபக்கமும் ஒரே கூர்மை. ரவிலியஸின் வெள்ளைக்கு ஒரு பக்கம் கூர்மை, மறு பக்கம் கோடுகளாகக் கரைந்திருக்கும். அவர் பெரும்பாலும் சுற்றிப் போய்த்தான் வெள்ளையை விட்டார். சில இடங்களில் மெழுகு தேய்த்திருக்கிறார், சில இடங்களில் காய்ந்த பிறகு பிளேடால் சுரண்டியிருக்கிறார்.

மெழுகுக்கு வெள்ளை மெழுகுவத்தியைக் கத்தியால் ஆப்பு மாதிரி சீவிக்கொள்ளுங்கள். பேப்பரின் மேடுகளில் மட்டும் ஒட்டும்படி லேசாக ஒரு இழுப்பு. அழுத்தினால் பள்ளமும் அடைத்துக்கொண்டு பிளாஸ்டிக் பட்டை மாதிரி ஆகிவிடும். மெழுகு பட்ட இடம் நிரந்தரம், பிறகு அங்கே எந்த நிறமும் ஏறாது. அடி வாஷ் காய்ந்த பிறகு தேய்த்தால் அந்த வாஷின் நிறம் காப்பாற்றப்படும். வெள்ளை மட்டுமில்லை, வெளிர் மஞ்சளையும் இப்படி வைத்துக்கொள்ளலாம் என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

பிளேடு கடைசி வேலை. புது பிளேடு, ஏறக்குறைய நேராக நிறுத்தி, முழுக்கக் காய்ந்த பேப்பரில். சுரண்டிய இடத்தில் சைசிங் போய்விடும். அதன் மேல் வாஷ் பட்டால் மையுறிஞ்சும் தாளாகக் குடித்துக் கறுக்கும். அவசியமாக மேலே நிறம் வேண்டுமென்றால், ஒரு பட்டர் பேப்பர் வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்து நாரைப் படிய வைத்துவிட்டு, வறண்ட பிரஷ் மட்டும்.

#7 சுடுமண்

தொழில்நுட்பம் எல்லாம் சரி. ஆனால் இவரை நாட்டுப்புற நிலக்காட்சி ஓவியர் என்று தூக்கி வைப்பது கொஞ்சம் அதிகம். பழைய ஆங்கிலேய வாட்டர்கலர்காரர் டேவிட் காக்ஸ் வேல்ஸில் வரைந்ததில் காற்று அடிக்கும், மழை நனைக்கும். ரவிலியஸ் படத்தில் ஆளே இல்லை, எல்லாம் சுத்தமாகப் பெருக்கிய வாசல். வாழ்த்து அட்டை அழகு. அவர் டிசைனர், அவ்வளவுதான்.

#8 மரக்கட்டை

டிசைனர் என்பதில் சண்டையில்லை சுடுமண். வெட்ஜ்வுட் பீங்கான் கம்பெனிக்கு எழுத்துக் கோப்பையும் முடிசூட்டுவிழாக் கோப்பையும் வடிவமைத்தவர்தான். சுத்தமாகப் பெருக்கிய வாசல் என்பதுதான் இடிக்கிறது.

1934இலிருந்து அவர் அடிக்கடி போய்த் தங்கியது ஃபர்லாங்ஸ், மேட்டின் அடிவாரத்தில் ஓவியர் பெகி ஆங்கஸ் வாடகைக்கு எடுத்திருந்த மேய்ப்பர் குடிசை. அங்கிருந்து அவர் முதலில் போய் வரைந்தவற்றில் ஒன்று பக்கத்து ஆஷம் சிமென்ட் ஆலை. அழகான புல்மேடுகளைக் குடைந்து தூள் கிளப்புகிற இடம். ஊர்ப்பிரியர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்ட ஆலையை அவர் திரும்பத் திரும்ப வரைந்தார். அந்த ஆலை வளாகத்தில் கிடந்த பழைய குதிரை வண்டிகள் இரண்டை வாங்கி ஃபர்லாங்ஸுக்கு இழுத்து வந்து, ஒன்றைப் படுக்கையறையாகவும் மற்றதை வேலை செய்யும் இடமாகவும் வைத்துக்கொண்டார்கள் அவரும் மனைவி டிர்ஸாவும்.

படங்களைப் பாருங்கள். "டவுன்ஸ் இன் வின்டர்" படத்தில் முன்னால் கிடப்பது நிலம் சமன் செய்யும் உருளை. "வாட்டர்வீல்", 1938, வேல்ஸின் காபெல்-இ-ஃபின் பக்கம்: ஓடையில் ஒரு சிறு சக்கரம். முள்கம்பி, வேலிக்கால், துருப்பிடித்த வண்டி. ஆள் இல்லை, சரி. ஆள் போட்டுவிட்டுப் போன வேலையின் தடம் எல்லாப் படத்திலும் இருக்கிறது. காக்ஸ் வானத்தின் ஆள். இவர் நிலத்தை யார் என்ன செய்து வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கிறவர்.

#9 சுடுமண்

முள்கம்பி வரைந்தால் உழைப்பைப் பற்றிய படம் ஆகிவிடுமா? அதுவும் ஒரு அலங்காரக் கோடாகத்தான் படுகிறது.

#10 செம்புலம்

"வில்மிங்டன் ஜயன்ட்" படத்தை வைத்துப் பேசினால் இது தெளிவாகும். 1939, லண்டன் வி அண்ட் ஏ (விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்) மியூசியத்தில் இருக்கிறது, சுமார் 45க்கு 54 செ.மீ. மலைச்சரிவில் இரண்டு கோல் பிடித்து நிற்கும் பெரிய மனித உருவம். நிஜத்தில் சுமார் 70 மீட்டர் உயரம். ரவிலியஸ் பார்த்த காலத்தில் அதன் வெளிக்கோடு வெட்டிய சுண்ணாம்பு அல்ல, 1874இல் பதித்த செங்கல். மங்கிப்போன உருவத்தை அப்போதுதான் செங்கல் வைத்துத் துலக்கினார்கள்.

படத்தின் முன்பக்கம் வேலி. கம்பிகள் சரிவின் குறுக்கே ஓடுகின்றன. வேலிக்காலின் செங்குத்துக் கோடும், தூரத்தில் அந்த உருவம் பிடித்திருக்கும் கோல்களும் ஒரே திசையில் நிற்கின்றன. இது அலங்காரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வேலி இல்லாவிட்டால் உருவம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்றே கண்ணுக்குப் பிடிபடாது. கோடுகள் எல்லாம் மெல்லியவை, நிறம் எல்லாம் வெளிறியது, தொலைவில் உள்ளதை மங்கலாக்கி, வளிமண்டலத்தை வைத்துத் தூரம் காட்டும் வழக்கமான வாட்டர்கலர் உத்தியை அவர் கைவிட்டுவிட்டார். அந்த வேலையை வேலி செய்கிறது.

பிரதி எடுப்பவர்கள் கவனிக்க: வேலிக்கம்பியை அடர் நிறத்தில் மேலே போடாதீர்கள். பின்னணிக் கோடுகளைக் கம்பி வரும் இடத்தில் மயிரிழை அளவு நிறுத்தி நிறுத்திப் போட வேண்டும். அதற்கு முதலிலேயே பென்சில் கோடு தேவை. ஹெச் அல்லது ஹெச்பி. 2பி கரியாக இழுபடும். வாஷ் காய்ந்தபின் அடியில் உள்ள பென்சில் அழியாது, ஆகவே வேண்டாத கோட்டைப் பெயின்ட்டுக்கு முன்பே அழித்துவிடுங்கள். வேண்டியது தெரியட்டும். ரவிலியஸிடமும் தெரிகிறது.

#11 தேவகோட்டை_மை

ரயில் பெட்டிக்குள்ளிருந்து வெள்ளைக் குதிரை தெரிகிற படம் ஒட்டுவேலை என்று சொல்கிறார்களே, நிஜமா?

#12 செம்புலம்

நிஜம். "டிரெயின் லேண்ட்ஸ்கேப்", 1940, ஸ்காட்லாந்து அபர்தீன் ஆர்ட் காலரியில். மூன்றாம் வகுப்புப் பெட்டி, சன்னலுக்கு வெளியே வில்ட்ஷையரின் வெஸ்ட்பரி குதிரை, மலைச்சரிவில் தெரியும் பெரிய வெள்ளை உருவம். திருப்தி தராத இரண்டு படங்களிலிருந்து வெட்டி ஒட்டிச் சேர்த்தவர் டிர்ஸா. டிர்ஸா கார்வுட்டும் தேர்ந்த மரச்செதுக்காளர், மார்பிள் பேப்பர் செய்வதில் கைதேர்ந்தவர். வெட்டு, பசை எல்லாம் அவருக்குப் பழகிய வேலை. குதிரையை வெளியே நின்று பார்க்கும் "வெஸ்ட்பரி ஹார்ஸ்" தனிப் படம், அதில் தூரத்தில் ரயில் போகும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே இடத்தை இரு பக்கமும் நின்று பார்த்த மாதிரி இருக்கும்.

வாட்டர்கலரை ஒட்டுவதென்றால் ஃபெவிகால் வேண்டாம். மஞ்சளாகும், பிறகு பிரிக்கவே முடியாது. கோதுமை ஸ்டார்ச் ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு, சிறு தீயில் விடாமல் கிளறிக் கண்ணாடி மாதிரி தெளியும்வரை காய்ச்சி, ஆறவைத்துச் சல்லடையில் தேய்த்தால் பசை தயார். ஃபிரிட்ஜில் நாலைந்து நாள் தாங்கும். மேலே வரும் துண்டின் பின்பக்க விளிம்பை 400 நம்பர் உப்புத்தாளால் சாய்வாகத் தேய்த்து மெல்லியதாக்குங்கள், இல்லாவிட்டால் பக்க வெளிச்சத்தில் படி தெரியும். பசை தடவிய துண்டு ஈரத்தில் சற்று விரியும். அளவு பார்த்து வெட்டும்போது சன்னல் சட்டத்துக்குள் மறையும்படி ஒரு பக்கம் 1 மி.மீ. கூடுதல் விடுங்கள்.

#13 தாள்தட்டு

நம்ம ஊர்த் தட்பவெப்பம் பற்றி யாரும் சொல்லவில்லை. சஸெக்ஸ் முறையை அப்படியே சென்னையில் செய்தால் வேலைக்காகாது.

கடலோரத்தில் மழைக்காலத்தில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் போகும். கையில் தெரியாவிட்டாலும் பேப்பர் ஈரத்தைக் குடித்திருக்கும். உடைய வேண்டிய கோடு முழுக் கோடாக விழும். வரையத் தொடங்கும் முன் ஹேர் டிரையரை ஒரு அடி தூரத்தில் பிடித்து இரண்டு நிமிஷம் பேப்பரைச் சூடாக்கி, ஆறவிட்டு வரையுங்கள். சூட்டோடு வரைந்தால் பெயின்ட் பிரஷ்ஷிலேயே காய்ந்துவிடும்.

மதுரை, திருச்சி மே மாதம் நேர் எதிர். பெயின்ட் தட்டிலேயே இறுகும். நூறு மில்லி தண்ணீருக்கு ஒரே ஒரு சொட்டு கிளிசரின் விடலாம். கூடினால் படம் காயவே காயாது, மேலே வைத்த பட்டர் பேப்பர் ஒட்டிக்கொள்ளும். மின்விசிறியை நிறுத்துவது அதைவிட நல்ல வழி.

இன்னொரு தொந்தரவு: நாள்பட்ட பேப்பர். வாஷ் போட்டதும் அங்கங்கே கறுப்புப் புள்ளியாக உறிஞ்சினால் ஈரத்தில் சைசிங் கெட்டுவிட்டது, பூஞ்சை சாப்பிட்டிருக்கலாம். தூக்கிப்போட வேண்டாம். 1 லிட்டர் தண்ணீரில் 20 கிராம் ஜெலட்டினை அரைமணி ஊறவைத்து, கொதிக்கவிடாமல் வெதுவெதுப்பில் கரைத்து, அகல பிரஷ்ஷால் இரண்டு பக்கமும் ஒரு பூச்சு. நிழலில் கொடியில் காயப்போடுங்கள். பழைய உறுதி முழுக்கத் திரும்பாது, பயிற்சிக்குப் போதும். புது ஷீட்களை ஜிப் கவரில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்துவிட்டால் இந்த வேலையே இல்லை.

#14 காவிக்கல்

பேப்பர் சொட்டுச் சோதனையில் தோற்றுவிட்டது, அதனால் பாதி விடை கிடைத்தது. நிறம் பற்றி யாராவது? படங்கள் எல்லாம் ஒருவித வெளிறிய காவி, சாம்பல் நீலம், மங்கிய பச்சை. அச்சில் அப்படியா, அசலிலேயே அப்படியா?

#15 ஓரக்கோடு

அசலிலேயே வெளிறியவைதான். ஆனால் மங்கல் என்பது நிறத்தால் வருவதல்ல, கோட்டுக்கு நடுவே தெரியும் வெள்ளையால் வருகிறது. டியூபிலேயே மங்கிய நிறத்தை வாங்கிக் கோடு போட்டால் படம் செத்துவிடும். கோடு போடும் நிறம் நீங்கள் நினைப்பதைவிட ஒரு படி தூக்கலாக இருக்கட்டும்.

அந்தத் தோற்றத்துக்கு ஐந்து போதும் (அடைப்புக்குள் இருப்பது டியூபில் அச்சிட்டிருக்கும் நிறமி எண்): எல்லோ ஓக்கர் (பி.ஒய் 43), ரா அம்பர் (பி.பி.ஆர் 7), லைட் ரெட் (பி.ஆர் 102), கோபால்ட் ப்ளூ (பி.பி 28), டெரே வெர்ட் (பி.ஜி 23). கடைசியது வலுவில்லாத பச்சை, அதனால்தான் வேண்டும். தாலோ பச்சையைத் தொடாதீர்கள், ஒரு துளி பட்டாலே மேடு முழுக்க நெகிழித் தாவரமாகிவிடும். கோபால்ட் நீலத்தில் லைட் ரெட் கால் பங்கு சேர்த்தால் அந்தச் சாம்பல் வானம். வானத்துக்கும் கோடுதான், ஆனால் பிரஷ் அகலம், கோடு நீளம்.

மாணவர் தர கேக் பெயின்ட் இந்த முறையில் எடுபடாது. அதில் நிரப்பி அதிகம். வாஷில் தெரியாது, வறண்ட கோட்டில் பால் மாதிரி வெளுத்துத் தெரியும். நீங்கள் முதலில் சொன்ன போஸ்டர் கலர்த் தோற்றத்துக்கு இதுவும் ஒரு காரணம். ஐந்து டியூப் மட்டும் ஆர்டிஸ்ட் தரத்தில் வாங்குங்கள், மற்றதெல்லாம் சும்மா.

#16 செம்புலம்

கூடவே ஒன்று. மெல்லிய அடுக்கு என்பதால் இந்த மாதிரிப் படங்கள் வெளிச்சத்தில் சீக்கிரம் போய்விடும். மியூசியங்கள் வாட்டர்கலருக்கு 50 லக்ஸ் (வெளிச்ச அளவு) அளவுதான் வைக்கின்றன, அதுவும் கொஞ்ச மாதம் காட்டிவிட்டு உள்ளே எடுத்துவிடுவார்கள். ஈஸ்ட்போர்ன் டவுனர் காலரியில் அவர் படத் தொகுப்பு பெரியது, எஸெக்ஸில் சாஃப்ரன் வால்டன் ஊரின் ஃப்ரை ஆர்ட் காலரியிலும் இருக்கிறது. போகிறவர்கள் எந்தப் படம் சுவரில் தொங்குகிறது என்று முன்னாடியே கேட்டுவிட்டுப் போவது நல்லது. வீட்டில் மாட்டுவதாக இருந்தால் சன்னலுக்கு எதிர்ச் சுவர் வேண்டாம், பழைய அலிசரின் கிரிம்சன் (பி.ஆர் 83) பெட்டியிலேயே வேண்டாம்.

#17 சுடுமண்

போர்க்காலப் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. நாட்டுப்புறத்தைவிட அங்கேதான் அவர் கோட்டுமுறை பொருந்துகிறது என்பேன். 1940இல் அரசு போர் ஓவியராகக் கடற்படையோடு நார்வே போனார். ஆர்க் ராயல் கப்பல் இரவில் சுடும் படம் லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்தில் இருக்கிறது. வெடிப்பின் ஒளி முழுக்கக் கோடு, ஆர அமைப்பு. ஈர வாஷில் போட்டிருந்தால் புகையாகியிருக்கும்.

#18 மரக்கட்டை

இதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். வேடிக்கை என்னவென்றால், 1939இல் மலைச்சரிவுச் சுண்ணாம்பு உருவங்களை வரிசையாக வரைந்தது சிறுவர்களுக்கான ஒரு படப் புத்தகத் திட்டத்துக்காக. புத்தகம் வரவில்லை. அடுத்த வருஷமே எதிரி விமானம் அடையாளம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று அந்த உருவங்களையே மறைத்தார்கள். வில்மிங்டன் உருவத்துக்குப் பச்சைப் பெயின்ட், அதே மாதிரி இன்னொரு மலைச்சரிவு உருவமான அஃபிங்டன் குதிரைக்குப் புல்லும் தழையும். 1942 செப்டம்பர் 2 அன்று ஐஸ்லாந்திலிருந்து, காணாமல் போன விமானமொன்றைத் தேடப் போன ஹட்சன் விமானத்தில் ஏறினார். அது திரும்பவில்லை. வயது 39. தீவிரமாக வாட்டர்கலர் வரைந்தது ஏறக்குறைய பன்னிரண்டு வருஷம்தான். டிர்ஸா 1951இல் இறந்தார். அதன்பின் பல படங்கள் நண்பர் பாடன் வீட்டில் கட்டிலடியில் கிடந்து, 1970களில்தான் வெளியே வந்தன.

#19 தேவகோட்டை_மை

பிரதி எடுத்து விற்கலாமா? கேட்டு வைத்துக்கொள்கிறேன்.

#20 செம்புலம்

இந்தியாவில் காப்புரிமை ஓவியர் இறந்த மறு ஆண்டிலிருந்து 60 வருஷம், அது 2002 முடிவோடு போய்விட்டது. பிரிட்டனில் 70 வருஷம், 2012 முடிவு. ஆகவே படம் பொதுச்சொத்து. மியூசியம் எடுத்த புகைப்படத்தை அப்படியே அச்சிடுவது வேறு, அதற்கு அவரவர் நிபந்தனை உண்டு, படித்துப் பாருங்கள். கையால் வரைந்த பிரதியை விற்றால் பின்பக்கம் "ரவிலியஸைப் பார்த்து வரைந்தது" என்று எழுதி உங்கள் பெயரையும் தேதியையும் போடுங்கள். அசல் அளவிலேயே வரையாமல் கொஞ்சம் சிறிதாக்கிவிட்டால் பின்னால் யாரும் ஏமாற்ற வழியில்லை.

#21 ஓரக்கோடு

காவிக்கல், முழுப் படத்துக்குப் போகும் முன் "சாக் பாத்ஸ்" படத்திலிருந்து ஒரு கையகலத் துண்டை மட்டும் எடுத்துப் பழகுங்கள்: மேட்டின் தோளில் வெள்ளைத் தடம் வளைந்து போகும் பகுதி.

15க்கு 10 செ.மீ. பேப்பர். ஹெச் பென்சிலால் தடத்தின் இரண்டு ஓரமும். கீழ் ஓரம் தொடர்ச்சியான கோடு, மேல் ஓரம் விட்டுவிட்டு. ஓக்கரில் ஒன்றுக்குப் பத்து வாஷ், தடத்தை விட்டுச் சுற்றி. முழுக்கக் காயட்டும். டெரே வெர்ட்டும் அம்பரும் கலந்து முதல் வரிசைக் கோடுகள், சரிவின் திசையில். தடத்தின் கீழ் ஓரத்தில் கோடுகள் சரியாக விளிம்பில் நிற்கட்டும். மேல் ஓரத்தில் முன்னும் பின்னுமாக முடியட்டும், சில தடத்துக்குள்ளேயே வரலாம். மறுபடி காயவிட்டு, கோபால்ட் சேர்த்த இரண்டாம் வரிசை, நிழல் பக்கம் மட்டும், 15 டிகிரி திருப்பி. தடத்தின் நடுவில் எதுவும் போடாதீர்கள். கைகள் அரிக்கும், அங்கே ஒரு சாம்பல் வாஷ் போட்டால் நன்றாக இருக்குமே என்று தோன்றும். வேண்டாம், அந்த வெறும் பேப்பர்தான் சுண்ணாம்பு.

காய்ந்ததும் இரண்டு மீட்டர் தள்ளி வைத்துப் பாருங்கள். தடம் சரிவில் படிந்திருக்காமல் மிதந்தால் மேல் ஓரம் இன்னும் கூர்மையாக இருக்கிறது. பிளேடு முனையால் அங்கே நாலைந்து கோட்டை மட்டும் சுரண்டி உடையுங்கள். அதுவும் போதவில்லை என்றால் புதுத் துண்டில் மறுபடி தொடங்குங்கள். திருத்திக்கொண்டே போனால் பேப்பர்தான் கிழியும்.